ஐயரும் வேண்டாம், மதமாற்றமும் வேண்டாம்: சட்டப்படி திருமணம் செய்வது எப்படி?

மதச்சடங்கு இல்லாமல் திருமணம் செய்ய நினைப்பவர்கள் மண்டபம் பார்ப்பதற்கு முன், சட்டம் தங்களை எந்த மதத்தவராகக் கணக்கு வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்துப் பெற்றோருக்குப் பிறந்து, இந்துவாக வளர்ந்து, வேறு மதத்துக்கு மாறாதவர் கடவுள் மறுப்பாளராகவே இருந்தாலும் சட்டத்தின் கணக்கில் இந்துதான். பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கும் இந்துத் திருமணச் சட்டமே பொருந்தும். இருவரும் இந்த வட்டத்துக்குள் இருந்தால் தமிழ்நாட்டில் ஒரு சுலபமான வழி உண்டு. ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இருவரும் இந்து என்றால்: பிரிவு 7ஏ

புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1967இல் அண்ணா ஆட்சி, 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அதைச் சரிசெய்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் அந்தத் திருத்தம் சட்ட ஏற்பு தந்தது.

தேவைப்படுவது மிகக் குறைவு. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், ஒருவரை ஒருவர் கணவனாக, மனைவியாக ஏற்கிறோம் என்று இருவருக்கும் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்ற வேண்டும், அல்லது விரலில் மோதிரம் போட வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். இவற்றில் ஒன்று போதும். ஏழடி நடக்கவில்லை, அதனால் செல்லாது என்ற வாதத்தை 2001இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கறிஞர் அறையில் ஊரறியாமல் நடந்தால் செல்லாது என்று இடையில் வந்த ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் 2023இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

பலர் சறுக்குவது பதிவில்தான். மாலைகூட மாற்றாமல் நேரே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திடுகிறார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவு என்பது நடந்த திருமணத்துக்குச் சான்று மட்டுமே. உரிய முறையில் நடக்காத திருமணத்தைப் பதிவுச் சான்றிதழ் உயிர்ப்பிக்காது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆகவே உங்களை அறிந்த இரண்டு மூன்று பேர் முன்னால் உறுதிமொழியை வாய்விட்டுச் சொல்லி, மாலையும் மாற்றி, சாட்சிகளும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பிறகு 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். தவறினால் தாமதக் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் உண்டு.

மதம் வேறு என்றால்: சிறப்புத் திருமணச் சட்டம், 1954

கிறிஸ்தவர் ஒருவரும் இந்து ஒருவரும் கோயிலில் தாலி கட்டி, இந்துத் திருமணச் சட்டத்தில் பதிந்தாலும் அது செல்லாது. 2008இல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. தேவாலயத்தில் மணம் முடிக்க 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் இடமுண்டு. இரண்டு மதமும் வேண்டாம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம்தான்.

இருவரில் ஒருவராவது 30 நாளுக்குக் குறையாமல் வசித்துவரும் மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள் தேவை. முன்பு மணமானவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பு நகல் அல்லது துணையின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்பட்ட நாளிலிருந்து 30 நாள் காத்திருப்பு. படிவம் கொடுத்த நாளை வைத்து எண்ணாதீர்கள். ஒட்டியாயிற்றா என்று மறுநாளே போய்ப் பாருங்கள். ஏனென்றால் மூன்று மாதக் கெடு மட்டும் படிவம் கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. அதற்குள் திருமணம் முடியாவிட்டால் புதிய அறிவிப்பு, புதிதாக 30 நாள்.

உயிரோடிருக்கும் வேறு துணை, சம்மதம் தர இயலாத அல்லது மணவாழ்வுக்குத் தகுதியற்றதாக்கும் மனநிலை, வயதுக் குறைவு (ஆண் 21, பெண் 18), தடைசெய்யப்பட்ட உறவுமுறை ஆகியவை மட்டுமே ஆட்சேபணைக்குக் காரணமாகலாம். சாதி வேறு, பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் காரணமே அல்ல. ஆட்சேபணை வந்தால் அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய உங்களுக்கும் 30 நாள் உண்டு.

இந்த அறிவிப்புப் பலகைதான் சட்டத்தின் பெரிய ஓட்டை. மதத்தை வாசலில் நிறுத்திய சட்டம், சொந்தபந்தத்துக்குக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்குள்ள அலுவலகத்திலும் ஒரு நகல் ஒட்டப்படும். ஊரில் தெரிவது பெரும்பாலும் அப்படித்தான்.

திருமண நாளில் மூன்று சாட்சிகளோடு போங்கள். இருவரும் சாட்சிகளும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்ட பின், 'உன்னை என் சட்டப்படியான கணவனாக / மனைவியாக ஏற்கிறேன்' என்று அலுவலர் முன் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாதவரை திருமணம் முழுமை பெறாது.

கவனிக்காமல் விடுபவை

மாமன் மகள், அத்தை மகள் திருமணம் வழக்கத்தின் பேரில் இந்துத் திருமணச் சட்டத்தில் செல்லும். சிறப்புச் சட்டத்தின் தடைப்பட்டியலிலோ இருவரும் இருக்கிறார்கள். வழக்கத்துக்கு அதிலும் விலக்கு உண்டு, ஆனால் அரசு அறிவிக்கை வேண்டும். முறைப்பெண்ணைச் சடங்கின்றி மணப்பவருக்கு 7ஏ தான் பத்திரம்.

சொத்து விஷயம்: இருவரும் இந்து என்றால் சிறப்புச் சட்டத்தில் மணந்தாலும் இந்து வாரிசுரிமையே தொடரும். மதம் வேறு என்றால், கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் இந்துத் துணை அதிலிருந்து பிரிந்தவராகிவிடுவார். வாரிசுரிமை 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி போகும்.

'சும்மா பேருக்கு மதம் மாறிக்கொள்' என்ற யோசனையை ஏற்காதீர்கள். பட்டியல் சாதியினர் கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாமுக்கோ மாறினால் பட்டியல் சாதிகள் பற்றிய 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி போய்விடும்.

மிரட்டல் வரும் என்று தெரிந்தால், அறிவிப்பு ஒட்டப்படுவதற்கு முன்பே மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். இப்படி மிரட்டப்படும் தம்பதியரின் புகார்களைக் கவனிக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மனுவில் அந்த உத்தரவைக் குறிப்பிடுங்கள்.