விதைநெல்லைச் சோதிக்கிறவர்கள் ஸ்டெம் செல்லில் ஏமாறுவது எப்படி?

கிளிநொச்சியில் விதைநெல்லை நிறம் பார்த்து நம்பி யாரும் விதைப்பதில்லை. ஒரு பிடியை ஈரச் சாக்கில் கட்டிவைத்து, எத்தனை முளைத்தது என்று எண்ணிய பிறகுதான் வயலுக்குள் இறங்குவார்கள். ஆய்வுகூடத்துக்குள் போனதும் அந்தப் புத்தி எங்கேதான் போகிறதோ. நானும் கோட்டை விட்டவன்தான்.

திரவ நைதரசனில் உறையவைத்து எடுத்த ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக்கலங்களை, உருக்கிய கையோடு, செத்த கலத்தை நீலமாக்கும் ட்ரிபான் நீலம் என்ற சாயம் விட்டு எண்ணினேன். 90 வீதம் உயிரோடு! மறுநாள் காலை பார்த்தால் பாதி சப்பி நெல் மாதிரி மிதக்கிறது. அந்தச் சாயம் மென்சவ்வு கிழிந்த கலத்துக்குள் மட்டுமே போகும். உறைந்ததில் அடிபட்டு, சாகப்போகிற கலத்தின் மென்சவ்வு இன்னும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஆகவே 24 மணி நேரம் கழித்து, எத்தனை வளர்ப்புத் தட்டில் ஒட்டிப் பிடித்திருக்கிறது என்று இன்னொரு தடவை பாருங்கள். சாயத்தை விட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டு நிற்கவும் கூடாது, நேரம் போனால் நல்ல கலமும் நீலமாகிவிடும்.

அடுத்தது அடையாளப் புரதங்கள். எலும்பு மச்சை, கொழுப்பு போன்றவற்றில் கிடைக்கும் மீசன்கைமல் வகை ஸ்டெம் செல்லுக்கு 2006இல் வந்த சர்வதேச அளவுகோல்படி சி.டி.73, 90, 105 என்ற மேற்பரப்புப் புரதங்கள் மூன்றும் 95 வீதத்துக்குக் குறையாத கலங்களில் இருக்க வேண்டும், சி.டி.45 போன்ற குருதிக்கல அடையாளங்கள் 2 வீதத்தைத் தாண்டக் கூடாது. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் தோலின் சாதாரண நார்க்கலமும் அந்த மூன்றையும் காட்டும்! எலும்பு, கொழுப்பு, கசியிழையம் (குருத்தெலும்பு) என்று மாறுகிறதா என்பதுதான் முளைப்புச் சோதனை. அதற்குச் சில வாரம் பிடிக்கும். மாறத் தூண்டாத ஒரு தட்டையும் பக்கத்தில் வளர்த்து, அதற்கும் கல்சியத்தைச் சிவப்பாக்கிக் காட்டும் அலிசரின் சிவப்புச் சாயம் போடுங்கள். செத்த கலத்தில் படிந்த கல்சியமும் சிவக்கும், பிறகு எலும்பு வந்துவிட்டதென்று துள்ளக் கூடாது.

எல்லாவற்றிலும் பொல்லாதது வளர்ப்புக்குள் புகுந்துவிடும் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பற்றீரியா. கலங்கள் வளரும் திரவமான ஊடகம் கலங்காது, சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியாது, கலச்சுவரே இல்லாததால் பெனிசிலினுக்கு அசையாது. ஊடகம் தெளிவாக இருக்கிறதே என்று விட்டால், மற்றச் சோதனை முடிவுகளெல்லாம் கோணும். அதன் டி.என்.ஏ.யைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர் சோதனை செய்யுங்கள், அதுவும் புது ஊடகம் மாற்றிய அன்றே மாதிரி எடுக்காமல், நுண்ணுயிர்கொல்லி இல்லாமல் இரண்டு மூன்று நாள் வளரவிட்டு.

நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) சரியாக இருக்கின்றனவா என்ற சோதனையை ஆரம்பத்தில் ஒருமுறை செய்து கோப்பில் போட்டுவிட்டு முப்பது பாசேஜ், அதாவது முப்பது தடவை புதுத் தட்டுக்கு மாற்றி, வளர்ப்பவர்களும் உண்டு. வளர வளர நிறமூர்த்தம் மாறக்கூடும், அந்த அறிக்கை பழைய கலத்துக்குரியது. அப்புறம், குப்பியில் பாசேஜ் எண்ணை வெறும் பேனாவால் எழுதாதீர்கள், அற்ககோல் பட்டால் போய்விடும்.