மலையகத்தில் பன்னம் வளர்க்க முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள்

பன்னம் எனப்படும் ஃபேர்ன் செடி வாடினால் பெரும்பாலோர் தண்ணீர் வாளியைத் தேடுகிறார்கள். மலையகத்து வீடுகளில் கோளாறு அநேகமாக வெளிச்சத்தில்தான் இருக்கும். இங்குள்ள குளிர் நம்மை ஏமாற்றிவிடுகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வோர் 1,000 மீற்றருக்கும் புற ஊதாக் கதிரின் வலு ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாம் சுகமாக நிற்கும் அதே வெயில் மெல்லிய பன்ன இலையைக் கருக்கிவிடும். ஆகவே செடி வாங்குவதற்கு முன்பே வெளிச்சத்தைக் கவனிக்கத் தொடங்குங்கள்.

படி 1: வீடு எந்தப் பக்கம் பார்க்கிறது?

காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று முறை வீட்டைச் சுற்றி வந்து, வெயில் எங்கே நேராக விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகள் பலவும் பன்னத்தை வடக்கு ஜன்னலில் வைக்கச் சொல்கின்றன. அது குளிர்நாடுகளுக்குச் சரி. நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் சூரியன் நம் உச்சிக்கு வந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். டிசெம்பரில் தெற்கே நன்றாகச் சாய்ந்து, தெற்கு ஜன்னல் வழியாக அறைக்குள் நீள விழும். வடக்கு, தெற்கு என்று ஒரு பக்கத்தை நம்பி ஆண்டு முழுவதும் செடியை ஒரே இடத்தில் விட்டுவைக்க முடியாது.

கிழக்குப் பக்கம்தான் என் தேர்வு. காலை எட்டு மணி வெயில் பன்னத்துக்கு நல்லது; நண்பகல் கடந்ததும் வீடே அதற்கு நிழல் தந்துவிடும். மேற்குப் பக்கம் வேண்டாம். அங்கு வைத்தே ஆகவேண்டுமென்றால் மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள்.

மலையின் எந்தச் சரிவில் இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவிலுள்ள ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழையும் மூட்டமுமாக வெளிச்சம் குறைந்திருக்கும். அதே காலத்தில் கிழக்குச் சரிவிலுள்ள பண்டாரவளை, பதுளைப் பக்கம் கச்சான் எனும் காய்ந்த காற்றும் வெயிலுமாக இருக்கும். ஹட்டனில் இருப்பவருக்கு ஜூலையில் சரியாகும் இடம் பண்டாரவளைக்காரருக்குச் சரிவராது.

படி 2: கையின் நிழலைப் பாருங்கள்

கருவி எதுவும் வேண்டாம். வானம் தெளிந்த ஒரு நண்பகலில், செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள். தாளுக்கு மேல் ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்களின் ஓரம் வெட்டியதுபோல் துல்லியமாகத் தெரிந்தால் அங்கே வெயில் நேராக விழுகிறது. பன்னத்துக்கு அது அதிகம். கை என்று தெரிகிறது, ஆனால் ஓரங்கள் மங்கலாகக் கலைந்திருக்கின்றன என்றால் அதுவே சரியான இடம். நிழலே விழவில்லை என்றால் அங்கே செடி உயிரோடு இருக்கும், ஆனால் வளராது.

படி 3: எந்தப் பன்னம்?

எல்லாப் பன்னமும் இருட்டை விரும்புவதில்லை. தேயிலை மலைப் பாதைகளில் வெட்டிய மண் சுவரைப் பாருங்கள். சிங்களத்தில் கெக்கில்ல எனப்படும் பன்னம் கொளுத்தும் வெயிலில் புதர் புதராக மண்டியிருக்கும். அதைப் பிடுங்கி வந்து சாடியில் நட்டால் பிழைப்பது அரிது. அருகிலேயே இலையடியில் வெள்ளைத் தூள் படிந்த பன்னமும் நிற்கும். சிறுவர்கள் அதைப் புறங்கையில் வைத்து அழுத்தி எடுப்பார்கள், இலையின் ஒவ்வொரு பல்லும் வெள்ளையாகத் தோலில் பதிந்திருக்கும். அதுவும் வெளிச்சம் தாங்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் தொங்கு சாடிகளில் வளர்க்கும் நெப்ரோலெப்பிஸ் வகையை எடுங்கள். காலை வெயிலையும் நிழலையும் அது பொறுத்துக்கொள்ளும். அகன்ற இலையுள்ள பறவைக்கூட்டுப் பன்னத்துக்கு நிழலான வெளிச்சம் போதும். மரத்தில் கட்டி வளர்க்கும் மான்கொம்புப் பன்னத்துக்குச் சற்றுக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். கறுத்த மெல்லிய காம்புள்ள அடியாண்டம் என்ற பன்னத்தை நேர் வெயிலுக்குக் காட்டவே கூடாது.

வாய்ப்புக் கிடைத்தால் 1861இல் தொடங்கப்பட்ட ஹக்கலைத் தாவரவியல் பூங்காவின் பன்னத் தோட்டத்தில் சிறிது நேரம் நில்லுங்கள். மரக் கிளைகளினூடே வெளிச்சம் எப்படிச் சிதறி விழுகிறது என்பதைப் பாருங்கள். வீட்டில் நாம் உண்டாக்க வேண்டியது அதைத்தான். தேசியப் பூங்காக்களிலிருந்து மட்டும் செடி எதையும் எடுத்து வராதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

படி 4: வீட்டுக்குள்

ஜன்னலை விட்டு விலக விலக வெளிச்சம் மிக வேகமாகக் குறையும். நம் கண் அதற்குப் பழகிவிடுவதால் தெரிவதில்லை. சாடியை ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் வைத்து, வாரம் ஒருமுறை கால் வட்டம் திருப்பிவிடுங்கள்.

தோட்டங்களில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒரே கதவு, ஒரே ஜன்னல் என்று இருக்கும்போது உள்ளறையில் பன்னம் வைப்பதில் பலனில்லை. முன்புறத் திண்ணையான இஸ்தோப்புதான் அதற்கு ஏற்ற இடம். கூரைத் தகரத்தின் ஓரத்துக்குச் சற்று உள்ளே தொங்கவிட்டால் வானத்து வெளிச்சம் கிடைக்கும், உச்சி வெயில் படாது. பின்சுவருக்கு வெள்ளை அடித்தால் அந்த வெளிச்சம் செடியின் மறுபக்கத்துக்கும் திரும்பும். மூட்டமான மாதங்களில், செடிக்கு ஓர் அடி மேலே ஒரு வெள்ளை எல்.ஈ.டி. மின்குமிழைத் தொங்கவிட்டு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம். இரவில் அணைத்துவிடுங்கள்.

படி 5: வெளியில்

உயரமான மரத்தடி சிறந்தது. மரம் இல்லையென்றால் 50 முதல் 70 சதவீத நிழல் வலை போதும். பண்டாரவளை, பதுளை அடங்கிய, வெயில் கூடிய ஊவாப் பக்கத்துக்கு 70. வலையைச் செடியின் மேல் போர்த்தாமல் தலைக்கு மேல் உயரக் கட்டுங்கள், காற்று ஓடட்டும்.

வீட்டுக்குள் இருந்த செடியை ஒரேயடியாக வெளியே வைக்காதீர்கள். முதல் சில நாட்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று பத்துப் பதினைந்து நாட்களில் பழக்குங்கள். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி விழும். மாலையிலேயே செடியைக் கூரைக்குள் எடுங்கள், அல்லது சாக்கால் மூடுங்கள். பனி உறைந்த இலைமேல் காலை வெயில் சட்டென்று பட்டால் சேதம் கூடும். பனி கரையும்வரை நிழலிலேயே இருக்கட்டும்.

படி 6: இலையைப் படியுங்கள்

இலை வெளிறி, ஓரம் பழுப்பாகி மொரமொரப்பானால் வெயிலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளுங்கள். காம்புகள் நீண்டு மெலிந்து ஒரே பக்கம் சாய்ந்தால், சுருண்ட தளிர்கள் வருவது குறைந்தால், வெளிச்சத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். இடம் மாற்றியபின் பழைய இலை குணமாகும் என்று காத்திருக்க வேண்டாம். கருகியது பச்சையாகாது, அடுத்து விரியும் தளிரைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது வெயில் பட்ட காயமோ பூச்சியோ அல்ல, பன்னம் இனம்பெருக்கும் வித்திகளின் தொகுதிகள். மருந்து தெளிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.