கிட் களஞ்சியத்தில் கோப்புப் பெயர்ச் சிக்கல்களைத் தீர்க்கும் முறை

கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து காக்கும் கிட் மென்பொருள், கோப்பின் பெயரைப் பைட்டுகளின் வரிசையாகவே சேமிக்கிறது; அந்தப் பெயரை மற்ற இயங்குதளங்கள் ஏற்குமா என்று அது பெரும்பாலும் பார்ப்பதில்லை. அதனால் லினக்ஸில் எந்தத் தடையுமின்றி கமிட் ஆன (மாற்றங்கள் பதிவான) களஞ்சியம், அதாவது கோப்புகளும் அவற்றின் வரலாறும் அடங்கிய தொகுப்பு, விண்டோஸில் குளோன் செய்யும்போது (நகலெடுக்கும்போது) பாதியில் நின்றுவிடுகிறது.

முதலில் பிழைச்செய்தியைப் படிக்க வேண்டும். பெயர் மிக நீளம் என்று விண்டோஸ் சொன்னால், டிரைவ் எழுத்து முதல் கோப்பு வரையிலான முழுப் பாதையும் 260 குறிகள் என்ற பழைய வரம்பைத் தாண்டியிருக்கும். 'கோர்.லாங்பாத்ஸ்' அமைப்பை 'ட்ரூ' என்று மாற்றிவிட்டு, 'கிட் ரிஸ்டோர்' கட்டளையால் கோப்புகளை மீட்டால் போதும். மீண்டும் குளோன் செய்யத் தேவையில்லை. ஆனால் இந்த அமைப்பு கிட்டுக்கு மட்டுமே உதவும், அதே கோப்பைத் திறக்கும் மற்ற மென்பொருள்கள் தடுமாறக்கூடும் என்பதால், களஞ்சியத்தை டிரைவின் வேருக்கு அருகிலுள்ள குறுகிய பாதையில் வைப்பதே நல்லது.

பெயரே செல்லாது என்றால் எந்த அமைப்பும் உதவாது. கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி ஆகியவற்றையும், 'கான்', 'ஆக்ஸ்', 'நல்' போன்ற ஒதுக்கப்பட்ட பெயர்களையும் விண்டோஸ் வழக்கமாக ஏற்பதில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் மட்டும் பிரியும் இரு கோப்புகள் இதைவிட ஆபத்தானவை. லினக்ஸின் மையமான கெர்னலில், பிணையப் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியில் இத்தகைய இணைகள் உண்டு. விண்டோஸில் அவற்றுள் ஒன்றே வட்டில் தங்கும். மற்றது மாற்றப்பட்டதாகக் கிட் காட்டும். அந்த நிலையில் எல்லா மாற்றங்களையும் சேர்த்துக் கமிட் செய்தால், ஒரு கோப்பின் உள்ளடக்கம் மற்றதன் பெயரில் பதிவாகிவிடும். எனவே எதையும் கமிட் செய்யாமல், லினக்ஸ் கணினியிலோ, விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல்லின் சொந்தக் கோப்புப் பகுதியிலோ களஞ்சியத்தை இறக்கி, 'கிட் எம்வி' கட்டளையால் பெயரை மாற்றிக் கமிட் செய்து, புஷ் செய்ய (பொதுச் சர்வருக்கு அனுப்ப) வேண்டும். பழைய கமிட்டுகளில் பழைய பெயரே இருக்கும் என்பதால், அவற்றுக்குத் திரும்பினால் அதே பிழை வரும்.

தமிழில் பெயரிடுவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயரின் வரம்பு 255 பைட்டு. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் (புள்ளி, கால் போன்றவையும் தனிக் குறிகளே) 3 பைட்டு ஆகிறது. 'தமிழ்நாடு' என்ற ஐந்தெழுத்துச் சொல் ஒன்பது குறிகளாகப் பிரிந்து 27 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஏறக்குறைய 47 எழுத்துகளில் இடம் தீர்ந்துவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை இதே பெயரை, ஒரு தமிழ்க் குறிக்கு ஓர் அலகு என யுடிஎஃப்-16 அலகுகளில் எண்ணுவதால், அங்கே சிரமமின்றி உருவாகும் நீளமான தமிழ்ப் பெயர் லினக்ஸில் இறங்காமல் போகலாம். கட்டுரைத் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக வைக்கும் பழக்கத்தை விட்டு, முப்பது எழுத்துகளுக்குள் நிறுத்துவது பாதுகாப்பானது.

ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களில் இன்னொரு சிக்கல் உள்ளது. 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் லினக்ஸுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். மேக்கில் 'கோர்.ப்ரீகம்போஸ்யூனிகோட்' அமைப்பு 'ட்ரூ' என்று இருப்பதை உறுதிசெய்தால், அங்கிருந்து சேரும் பெயர்கள் ஒருங்கிணைந்த வடிவிலேயே பதிவாகும். 'கிட் ஸ்டேட்டஸ்' தமிழ்ப் பெயருக்குப் பதிலாக \340\256\244 போன்ற எண்களைக் காட்டினால் கோப்பு கெடவில்லை, 'கோர்.கோட்பாத்' அமைப்பை 'ஃபால்ஸ்' என்று வைத்தால் பெயர் தமிழிலேயே தெரியும்.

இவற்றையெல்லாம் கமிட்டுக்கு முன்பே பிடிக்க 'ப்ரீ-கமிட்' ஹூக்கில் (கமிட்டுக்குச் சற்று முன் கிட் தானாக இயக்கும் சிறு நிரலில்) ஒரு சோதனை எழுதி வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். கிட்டுடன் வரும் மாதிரி ஹூக், ஆஸ்கி (ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிப்படைக் குறிகள்) அல்லாத பெயருடன் புதிதாகச் சேரும் கோப்புகளைத் தடுத்துவிடும். தமிழ்ப் பெயர்கள் வேண்டுமென்றால் 'ஹூக்ஸ்.அலவ்நான்ஆஸ்கி' அமைப்பை 'ட்ரூ' ஆக்கிவிட்டு, பைட்டு நீளத்தையும் எழுத்து வேறுபாட்டு மோதலையும் சரிபார்க்கும் வரிகளை அதில் சேர்க்க வேண்டும். ஹூக் ஒவ்வொருவர் கணினியிலும் தனியாக நிறுவப்பட வேண்டியது என்பதால், அதே சோதனை பொதுச் சர்வரிலும் ஓடுவது அவசியம்.