பிடிபி கோப்பில் இரட்டைப் பிணைப்பு வரவில்லையா? இப்படிச் செய்யுங்கள்

ஏபிஎல் கைனேஸ் புரதத்தில் இமாட்டினிப் மருந்து ஒட்டியிருக்கும் 1ஐஇபி என்ற பிடிபி கோப்பை (புரதத்தின் முப்பரிமாண அமைப்பைச் சொல்லும் கோப்பு) எடுத்து, மருந்தை மட்டும் பிரித்து, ஆர்டிகிட் என்ற வேதியியல் மென்பொருளில் திறந்தேன். பென்சீன் வளையம் உட்பட எல்லாமே ஒற்றைப் பிணைப்பு! மென்பொருள் மேல் தப்பில்லை. பிடிபி கோப்பில் அணுவின் பெயரும் இடமும்தான் இருக்கும். அதில் வரும் கனெக்ட் வரிகள் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று சொல்லும். பிணைப்புத் தரத்தை, அதாவது ஒற்றையா இரட்டையா என்பதை, பொதுவாகச் சொல்லாது. அமினோ அமிலங்களுக்கு, மூலக்கூறுகளைப் படமாகக் காட்டும் பைமால் மென்பொருளின் கையில் ஏற்கெனவே பட்டியல் இருப்பதால் புரதம் சரியாக வந்துவிடுகிறது. மருந்துக்கு அது கிடையாது.

அப்படியானால் தரத்தை எப்படித்தான் கண்டுபிடிப்பது? கோப்பு வடிவங்களை மாற்றித் தரும் ஓப்பன் பேபல் மென்பொருள் முதலில் தூரம் பார்க்கிறது: இரு அணுக்களின் சகப்பிணைப்பு ஆரங்களைக் கூட்டி, மேலே 0.45 ஆங்ஸ்ட்ராம் சேர்த்து, அதற்குள் இருந்தால் பிணைப்பு உண்டு. இரண்டு கார்பனுக்கு 1.97 வரை. ஒற்றைப் பிணைப்பு 1.54, இரட்டை 1.34, இரண்டுமே அதற்குள் அடங்கிவிடும். அதனால் அடுத்து கோணம்: அணுவைச் சுற்றிய சராசரிக் கோணம் 155 பாகையைத் தாண்டினால் எஸ்பி (முப்பிணைப்பு போன்றவற்றில் வருவது), 115ஐத் தாண்டினால் எஸ்பி2 (இரட்டைப் பிணைப்பில் வருவது). அப்புறம் தெரிந்த வினைத்தொகுதிகளோடு ஒப்பிட்டு, வளையங்களைச் சரிபார்க்கிறது. படிக அமைப்பில் அணு கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் இந்த ஊகம் பிசகும். மருந்து எதுவென்று தெரிந்திருக்கும்போது ஊகிக்கவே விடாதீர்கள்.

1. பைமாலில் எஸ்டிஐ என்ற பெயருள்ள மூலக்கூறை (கோப்பில் இமாட்டினிப்புக்கு அதுதான் பெயர்), ஏ சங்கிலியில் மட்டும் தேர்ந்து சேமியுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். 1ஐஇபியில் ஏ, பி என இரண்டு சங்கிலிகள் (அதே புரதத்தின் இரண்டு பிரதிகள்), இரண்டிலும் மருந்து உண்டு. நான் இரண்டையும் சேர்த்தே எடுத்திருந்தேன். ஆர்டிகிட் ஒரு பிரதிக்கு மட்டும் தரம் போட்டு, மற்றதை ஒற்றையாகவே விட்டது. ஒன்றுக்கு மேல் பொருத்தம் இருப்பதாக ஓர் எச்சரிக்கை வந்தது, நான் கவனிக்கவில்லை. ஹைட்ரஜன் நீங்கலாக அணுக்களை எண்ணுங்கள். இமாட்டினிப் என்றால் 37 வர வேண்டும். எனக்கு 74 வந்திருந்தது.

2. பிடிபி தளத்தில் அந்த மருந்தின் பக்கத்திலிருந்து ஸ்மைல்ஸை (மூலக்கூறைப் பிணைப்புத் தரத்தோடு ஒரே வரியில் எழுதும் முறை) எடுத்து, ஆர்டிகிட்டில் வார்ப்புரு, அதாவது பார்த்து ஒப்பிடும் மாதிரி, ஆக்குங்கள். ஹைட்ரஜன் சேர்க்க வேண்டாம். கோப்பில் ஹைட்ரஜன் இல்லாததால் பொருந்தாமல் போய்விடும்.

3. ஆர்டிகிட்டின் ஆல்கெம் பகுதியில் உள்ள ‘அசைன் பாண்ட் ஆர்டர்ஸ் ஃப்ரம் டெம்ப்ளேட்’ கட்டளைக்கு முதலில் வார்ப்புருவையும் அடுத்து உங்கள் மூலக்கூறையும் கொடுங்கள்.

4. இப்போது ஹைட்ரஜன் சேர்க்கலாம். ‘ஆட் கோஆர்ட்ஸ்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்காவிட்டால் அத்தனை ஹைட்ரஜனும் ஆதிப்புள்ளியில் குவிந்துவிடும்.

5. எஸ்டிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். அதில் தரம் எழுதப்பட்டிருக்கும். திரும்பப் பிடிபியாக மாற்றினால் செய்த வேலை வீணாகலாம்.

பின்சேர்க்கை: எக்ஸ்ஒய்இசட் கோப்புக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதில் அணுக்களும் அவற்றின் இடமும் மட்டும்தான், பிணைப்பு என்ற பேச்சே இல்லை. ஆர்டிகிட்டின் ‘டிடர்மின் பாண்ட்ஸ்’ உதவும், ஆனால் எல்லா ஹைட்ரஜனும் கோப்பில் இருக்க வேண்டும், மொத்த மின்சுமையையும் நீங்களே சொல்ல வேண்டும். அசிட்டேட் அயனிக்கு -1 என்று கொடுக்காவிட்டால் கணக்கு ஒத்துவராது.