சிரித்தார்கள் என்பதற்காக வெறுத்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள்

பாளையங்கோட்டையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு படம் போடுகிறோம். வாடகை நாற்காலி நாற்பது, ஒரு புரொஜக்டர், இடைவேளையில் சுக்குக் காப்பி. படம் முடிந்ததும் அரை மணி நேரம் பேச்சு. கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே செருமியது, யார் பாதியில் எழுந்து போனார் என்று நோட்டில் குறித்து வைப்பது என் வேலை.

ஆணை ஆண் விரும்புவதும் பெண்ணைப் பெண் விரும்புவதும் கதையாக வரும் படங்களை இதுவரை நான்கு தடவை போட்டிருக்கிறோம். நான்கு தடவையும் கூட்டத்தைப் பற்றி நான் முன்கூட்டியே போட்ட கணக்கு தப்பாகப் போனது. இப்படிப்பட்ட படங்களைத் திரையிட நினைப்பவர்களுக்கும், “நம்ம ஊரு ஆளுக இதையெல்லாம் ஏத்துக்க மாட்டாங்க” என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுபவர்களுக்கும் என் தப்புகள் உதவலாம்.

சிரிப்பை ஓட்டுப்போல எண்ணுவது

நான் செய்ததிலேயே பெரிய தவறு இதுதான். முதல் தடவை, திரையில் இரண்டு ஆண்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி. கடைசி வரிசையில் கல்லூரிப் பையன்கள் எட்டுப் பேர். அதில் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். நோட்டில் எழுதினேன்: ‘கடைசி வரிசை, எதிர்ப்பு.’ அவன் படம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டான். அதையும் எழுதி அடிக்கோடு போட்டேன்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. தமிழ்ப் படத்தில் நளினமாக நடக்கும் ஆண் ஒருவர் வந்தாலே பின்னணியில் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் போடுவது நெடுநாள் பழக்கம். சத்தம் வந்தால் சிரிக்க வேண்டும் என்று நம் காதும் பழகிவிட்டது. வடிவேலுவின் ‘அவனா நீயி’ திரையிலிருந்து தெருவுக்கு இறங்கி, பள்ளிக்கூட வராந்தாவில் எத்தனை பையன்களை அழவைத்திருக்கும் என்பது அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். 2006-இல் வந்த ‘வேட்டையாடு விளையாடு’ இரண்டு கொலைகாரர்களையும் அந்த மாதிரி ஆட்கள் என்று கோடி காட்டியது. 2010-இல் வந்த ‘கோவா’வில் சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் காதலர்கள், அதுவும் நகைச்சுவைப் படம்தான் என்றாலும் அவர்களுக்குள் ஊடல், பொறாமை, சமாதானம் எல்லாம் உண்டு. இரண்டு படத்துக்கும் ஒரே ஆள் கைதட்டியிருப்பார். அவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

எங்கள் படத்தில் அந்தக் காட்சிக்குப் பின்னணி இசையே இல்லை. அதனால் சிரிப்பு உடனே வரவில்லை. மூன்று, நான்கு நொடி கழித்து, பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்ட பிறகுதான் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரன் தன்னை என்ன நினைப்பானோ என்ற பயத்துக்கு இந்த வயதில் சிரிப்பைத் தவிர வேறு மருந்து கிடையாது. படத்தை யார் பார்த்தார் என்று மட்டும் குறித்தால் போதாது, யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார் என்றும் குறிக்க வேண்டும் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அமைதியும் அப்படித்தான். கூட்டம் சத்தமில்லாமல் பார்த்தால் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தமில்லை. பக்கத்தில் மாமனார் இருந்தால் நானும் அமைதியாகத்தான் இருப்பேன்.

தியேட்டரை வைத்து ஊரை அளப்பது

திருநெல்வேலி ரசிகர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ராம் முத்துராம் தியேட்டரில் டிரெய்லருக்கே ஆட்டம் போடும் வீடியோதான் ஞாபகம் வரும். அந்தக் கூட்டம் திருவிழாவுக்குப் போன கூட்டம். நட்சத்திரத்தைக் கொண்டாடப் போன இடத்தில் மனித உறவு பற்றிய கருத்தைத் தேடக்கூடாது. இப்போது இந்த மாதிரிப் படங்களைப் பெரும்பாலும் போனில்தான் பார்க்கிறார்கள். வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு. ‘நெல்லையில் ஓடவில்லை’ என்பதை ‘நெல்லை நிராகரித்தது’ என்று எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கில் வராத கூட்டத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கல் எறிந்தவரைப் பார்வையாளர் என்று சொல்வதும் இதே வகைத் தவறு. தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ 1998 நவம்பரில் இந்தியாவில் வெளியானது. ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு ஓர்ப்படிகளுக்கு இடையே வளரும் காதல் அதன் கதை. சில வாரங்கள் ஓடிய பிறகுதான் டிசம்பரில் மும்பையிலும் டெல்லியிலும் தியேட்டர் கண்ணாடிகள் உடைந்தன. அதுவரை டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யார் எழுதினார்கள்? அரசுகள் போடும் தடையும் பார்வையாளரின் கருத்து ஆகாது. மம்மூட்டி நடித்த மலையாளப் படம் ‘காதல் தி கோர்’ 2023 நவம்பரில் வந்தபோது குவைத்திலும் கத்தாரிலும் தடை. அந்தப் பக்கம் வேலை பார்க்கும் கடையநல்லூர்க்காரர் ஒருவர் லீவுக்கு ஊருக்கு வந்து முதல் வேலையாக அதைப் பார்த்ததாகச் சொன்னார். பிடித்ததா என்று கேட்டேன். “மம்மூட்டி நல்லா நடிச்சிருக்காரு” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

வயதைப் பார்த்து முடிவு செய்வது

‘காதல் தி கோர்’ படத்தையே என் பெரியம்மாவோடு வீட்டில் பார்த்தேன். அவருக்கு எழுபத்தொன்பது வயது, பிறந்தது செங்கோட்டை. 1956-இல் தமிழ்நாட்டோடு சேரும்வரை அந்த ஊர் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் சின்ன வயதிலேயே மலையாளம் காதில் விழுந்து வளர்ந்தவர். எனக்குத்தான் சப்டைட்டில் தேவைப்பட்டது. அவர் பாதியில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்து ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: உள்ளூர்த் தேர்தலில் நிற்கும் நடுத்தர வயதுக்காரர். அவர் மனைவி, ஜோதிகா நடித்த பாத்திரம், விவாகரத்து கேட்டு வழக்குப் போடுகிறார். கணவர் இன்னொரு ஆணை விரும்புகிறவர் என்பதுதான் காரணம்.

பெரியம்மா அந்தக் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லவர், கெட்டவர், சீச்சீ, ஒன்றுமில்லை. நீதிமன்றக் காட்சியில் மட்டும் சொன்னார்: “அந்தப் புள்ளைக்கு இருவது வருசத்த இனி யாரு திருப்பிக் குடுப்பா?” கொஞ்ச நேரம் கழித்து, வயதான அப்பா உடைந்து அழும் இடத்தில், “அப்பனுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்குல்லா. தெரிஞ்சேதான கட்டி வச்சிருக்கான்” என்றார். நான் ஆண்களின் காதல் கதை என்று நினைத்து உட்கார்ந்தேன். அவர் பார்த்தது தெரிந்தே செய்துவைத்த ஒரு கல்யாணத்தின் கதை. யோசித்தால் படமும் அதைத்தான் சொல்கிறது.

அப்புறம் சாப்பிடும்போது அவராகவே ஆரம்பித்தார். அவர் தெருவில் இரண்டு பெண்கள் இருந்தார்களாம். ஒருத்தி இளவயதில் தாலி அறுத்தவள், இன்னொருத்தி கல்யாணமே பண்ணாதவள். “ஒரே வீடு. ஒரு தட்டுல இலையப் போட்டு ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து பீடி சுத்துவாளுவ. கடைசிவரைக்கும் அப்படித்தான் இருந்தாளுவ.” அவர்கள் யார், என்ன உறவு என்று கேட்டேன். “சேக்காளிக” என்றார். “ஊருல யாரும் ஒண்ணும் கேக்கல்லையா?” “கேட்டு என்னத்துக்கு? அவளுவ சோலிய அவளுவ பாத்தாளுவ.”

எனக்கு உடனே கட்டுரை எழுதக் கை துறுதுறுத்தது. நம் முன்னோர் எவ்வளவு விசாலமான மனசுக்காரர்கள் என்று! நல்லவேளை, இன்னொரு கேள்வியும் கேட்டேன்: நம் வீட்டுப் பேத்தி ஒருத்தி வந்து இப்படிச் சொன்னால்? பெரியம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, “அது வேற, இது வேற” என்றார். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒன்றை விட்டால் அது அவருடைய கருத்து இல்லை.

பேச்சுக்கு நின்ற பெண்களில் பலர் திரையில் தேடியது தங்கள் இடத்தை: மனைவி, அம்மா, மைனி (அண்ணி). 2025 பிப்ரவரி 14-இல் வெளியான ‘காதல் என்பது பொதுவுடமை’யில், தன் மகள் இன்னொரு பெண்ணைக் காதலிக்கிறாள் என்று தெரிந்து தடுமாறும் அம்மாவாக ரோகிணி வருவார். சேர்ந்து வாழ்ந்த மைனிமார் கதை, வாழ முடியாமல் போன அத்தான்மார் கதை எல்லாம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. பெயர்தான் வைக்கவில்லை. படம் உறவுக்காரர் ஒருவருக்கு நாற்காலி போட்டு வைத்தால் ஜனங்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். காதலர்களை மட்டும் காட்டினால் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். காதலர்களுக்கு இது நியாயமா என்று கேட்டால், இல்லைதான்.

கணியான் கூத்தைக் கொண்டுவந்து முடிச்சுப் போடுவது

சென்னையிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களுக்குப் பிடித்த வாதம் இது. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் கணியான் கூத்து நடக்கிறது, மகுடம் என்ற தோல்கருவியை அடிக்க அடிக்க ஆண்கள் சேலை கட்டி ஆடுகிறார்கள், ஊரே விடிய விடிய பார்க்கிறது, ஆகவே இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதில்லை என்பார்கள். ஆனால் தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, வேஷக்காரர் ஆடுவது அவர்கள் தொழில், வழிபாடு. வேஷத்தைக் கலைத்தால் அவர் வீட்டுக்குப் போய் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்ட வேண்டும். கொடை பார்த்துவிட்டு வந்த அப்பாவே மறுநாள், “என்னடே பொம்பள மாதி நடக்க” என்று மகனை அதட்டுவதும் உண்டு.

இந்தக் குழப்பம் எதிர்ப்பக்கத்திலும் உண்டு. தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008-இலேயே வந்துவிட்டது; ‘திருநங்கை’ என்ற சொல் பட்டிதொட்டியெல்லாம் தெரியும். அதனால் படத்தில் ஆணை விரும்பும் ஆண் வந்தால்கூட, “அந்தத் திருநங்கை ஏன் மீசை வச்சிருக்காங்க?” என்று கேட்பார்கள். தான் யார் என்பது ஒன்று, யார் மேல் மனசு போகிறது என்பது இன்னொன்று. கேட்பவரை மட்டம் தட்டாமல் இதை ஒரு தடவை சொன்னால் போதும். முக்கால்வாசிப் பேருக்குப் புரிந்துவிடும்.

போஸ்டரில் போடும் சொல்

முதல் தடவை ‘ஓரினச்சேர்க்கை பற்றிய திரைப்படம்’ என்று அச்சடித்து ஒட்டினோம். வந்தது பதினோரு பேர். ஒரு பெண் கிடையாது. அந்தச் சொல்லைப் பார்த்தால் செய்தித்தாளின் குற்றப் பக்கம்தான் ஞாபகம் வரும். உடம்பைச் சொல்கிறது, மனசைச் சொல்லவில்லை. இரண்டாம் தடவை ரொம்பச் சாமர்த்தியமாக ‘நெகிழ வைக்கும் குடும்பக் கதை’ என்று போட்டோம். குழந்தைகளோடு வந்த அண்ணாச்சி ஒருவர் இடைவேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “முன்னாலயே சொல்லியிருந்தா நாங்க பெரியவங்க மட்டும் வந்திருப்போம்லா” என்றார். படத்தின் மேல் அவருக்கு வருத்தமில்லை, நாங்கள் மறைத்ததில்தான். அவர் சொன்னது சரி.

இப்போது ‘தன்பாலீர்ப்பு’ என்றே போடுகிறோம், கீழே இரண்டு வரியில் கதை. மரியாதையான சொல் எது என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு வழக்கும் உண்டு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விரிவான உத்தரவு ஒன்று போட்டார். இது தனக்கே புரியாத விஷயம் என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுதிய உத்தரவு அது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022-இல் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

சட்டம் பற்றிய கேள்வி ஒவ்வொரு தடவையும் வரும். சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்: வயதுவந்த இருவர் மனமொத்து வாழ்வது 2018 செப்டம்பர் 6-ஆம் தேதித் தீர்ப்புக்குப் பிறகு குற்றமில்லை. திருமணமாகப் பதிவு செய்ய வழியில்லை என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதில் பத்து நிமிடத்துக்கு மேல் போனால் படம் மறந்துபோகும்.

கையைத் தூக்கச் சொல்வது

பேச்சு நேரத்தில் “ஏற்கிறவர்கள் கை தூக்குங்கள்” என்று ஒரு நண்பர் கேட்டார். யாரும் தூக்கவில்லை. “எதிர்ப்பவர்கள்?” அதற்கும் யாரும் தூக்கவில்லை. இந்த ஊரில் மூன்று பேர் கூடினால் ஒருவர் இன்னொருவருக்கு எந்த வழியிலாவது சொந்தம். அப்புறம் துண்டுச்சீட்டு கொடுத்தோம், பேர் எழுத வேண்டாம் என்று. நிறைய வந்தது. ‘நடிப்பு சூப்பர்’ முதல், ‘என் தம்பிக்கு எப்படிச் சொல்வது’ வரை.

இதைவிட மோசமான தவறு ஒன்றை நான் செய்திருக்கிறேன். மூன்றாம் தடவை, நல்ல எண்ணத்தில்தான், “இங்கே யாருக்காவது இது சொந்த அனுபவமாக இருந்தால் பகிர்ந்துகொள்ளலாம்” என்று மைக்கில் சொல்லிவிட்டேன். நாற்பது தலையும் ஒரே நேரத்தில் திரும்பி அறையை நோட்டம் விட்டது. மாதாமாதம் தவறாமல் வந்து, ஓரமாக உட்கார்ந்து, கடைசியில் நாற்காலி அடுக்க உதவும் ஒருவர் அதற்குப் பிறகு வரவில்லை. வேலை மாற்றலாக இருக்கலாம். கேட்க எனக்கு வாய் வரவில்லை. மைக்கை நீட்டிவிட்டோம், இனி தைரியமாகப் பேசுவார்கள் என்று நினைக்காதீர்கள். மறுநாள் பால் வாங்கப் போவதும் வரன் பார்க்க ஆள் வருவதும் இதே தெருவில்தான்.

கட்டம் போட்ட சட்டைக்காரன் அடுத்த மாதமும் வந்தான். அன்றைக்குப் போட்டது வேறு ஏதோ படம். காப்பி வாங்கும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, குரலை இறக்கி, “அண்ணாச்சி, போன மாசப் படத்துல கடைசியில அந்த ரெண்டு பேரும் சேந்தாங்களா?” என்று கேட்டான். நீதான் பாதியில் எழுந்து போய்விட்டாயே என்றேன். “பாவநாசத்துக்குக் கடைசி பஸ்ஸு. அதை விட்டா விடிய விடிய பஸ் ஸ்டாண்டுலதான் கெடக்கணும்” என்றான்.

சேர்ந்துவிட்டார்கள் என்றேன். “அப்பம் சரி” என்று காப்பியை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனான்.