புல்மலையில் மரம் நடாதீர்கள்

ஊட்டிப் பக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாற்பது பேர், இரண்டு வேன், முந்நூறு நாவல் கன்றுகள். வெறுமையாகக் கிடந்த ஒரு மேட்டில் குழி தோண்டி நட்டோம், படம் எடுத்துக்கொண்டோம், வடை தின்றோம். ஜனவரியில் போய்ப் பார்த்தபோது கன்றுகள் வெந்நீர் ஊற்றியதுபோல் கருகி நின்றன. உறைபனியின் வேலை. அந்த மேடு வெறுமையாகக் கிடக்கவில்லை, அது புல்வெளி என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

நீலகிரிக்கும் பழனி மலைக்கும் சேவை செய்ய வருகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். இந்த மலைகளின் உச்சிப் பகுதியில் மடிப்புகளில் சோலைக்காடு, திறந்த சரிவுகளில் புல் என்று இயற்கையே பங்கு பிரித்து வைத்திருக்கிறது. புல்வெளியில் விழும் உறைபனியைச் சோலை மரக் கன்றுகளில் பெரும்பாலானவை தாங்குவதில்லை. காட்டுப் பூவரசு போன்ற ஓரிரண்டு மட்டும் சிவந்த பூவோடு தன்னந்தனியாக நிற்கும். புல்லைத் தரிசு என்று ஏட்டில் எழுதிய வெள்ளைக்காரர்கள்தான் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும் (வாட்டில் மரம், சீயக்காய் அல்ல) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்தார்கள். 'தரிசைப் பசுமையாக்குவோம்' என்று பேனர் பிடிக்கும் நாமும் அதே ஏட்டைத்தான் படிக்கிறோம். பைக்காரா ஆற்றுக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதில் அந்தத் 'தரிசு'க்கும் அதன் கீழே உள்ள சதுப்புக்கும் பெரும்பங்கு உண்டு.

அடுத்தது, புல்வெளியில் பரவிவிட்ட சீகையை வெட்டுவதில் காட்டும் அவசரம். மரம் சாய்ந்ததும் வேலை முடிந்தது என்று கைதட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். வெளிச்சமும் நெருப்பும் அதை எழுப்பிவிடும். ஆகவே வெட்டிய கிளைகளை அங்கேயே கொளுத்துவது கூடவே கூடாது. வெட்டிய இடத்தில் மழைக்குப் பிறகு குனிந்து பாருங்கள். கீரைப் பாத்திபோல நெருக்கமாக, இறகு போன்ற சின்ன இலைகளோடு சீகை நாற்று முளைத்திருக்கும். மண் ஈரமாக இருக்கும்போது இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். ஒரு வருடம் விட்டால் கடப்பாரை வேண்டும். தொடர்ந்து ஐந்தாறு ஆண்டுகள் வர முடியாதவர்கள் கோடரியைத் தொடாமல் இருப்பதே உதவி.

எல்லாச் சீகையையும் வெட்ட வேண்டும் என்பதும் இல்லை. கொடைக்கானல் பக்கம் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே வளர்ந்து வருகின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் கன்றும் போகும், நிழலும் போகும்.

கன்று விஷயத்தில் ஏமாறுவது எளிது. தேயிலைத் தோட்டத்தில் தலைமுறைகளாகப் பார்த்த பழக்கத்தில் சில்வர் ஓக்கை நம் ஊர் மரம் என்று வாங்கி வருகிறார்கள். அதுவும் ஆஸ்திரேலியாதான். சோலை விதைகளைப் பொட்டலம் கட்டி வைத்திருந்து அடுத்த வருடம் விதைக்கவும் முடியாது. பல இனங்களின் விதை காய்ந்தால் செத்துவிடும்.

புல்லை மீட்க வேண்டிய இடத்தில் கிக்குயு என்னும் வெளிநாட்டுப் புல்லை விரிப்பவர்களும் உண்டு. பச்சையாகப் படரும், மற்ற எதையும் தலைதூக்க விடாது. உள்ளூர்ப் புல்லைத் தூராகப் பிரித்து நடுவதே வழி. ஆனால் நல்ல புல்வெளியிலிருந்து சாக்குச் சாக்காகப் பெயர்த்து வருவது ஒரு பக்கம் மொட்டையடித்து மறுபக்கம் முடி ஒட்டுவது. சில தூர்களை நாற்றங்காலில் பெருக்கிக்கொள்ள வேண்டும். தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல் சதுப்பில் வளர்கிறது, அதை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பதைவிட முன்கூட்டியே அவர்களிடம் வழி கேட்பது நல்லது. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைப்பது குற்றம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

களை எடுக்கும்போது ஒரு செடியைப் பெயர் தெரியாமல் பிடுங்காதீர்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். 2018இல் பெருவாரியாகப் பூத்தது. இடைப்பட்ட காலத்தில் அதைப் பார்த்தால் சாதாரணப் புதர்தான். உண்ணிச்செடியை ஒழிக்க வந்த கை அதையும் சேர்த்து இழுத்துவிடும்.

அந்த மேட்டுக்கு இப்போதும் போகிறேன். ஒரு சாக்கும், பழைய கையுறையும்தான் எடுத்துப்போகிறேன். சீகை நாற்றைப் பிடுங்கிச் சாக்கை நிரப்பிக்கொண்டு திரும்புகிறேன்.