படகுக் கழிவறைக்கு மடக்குக் கதவு: எந்தக் கீல்?

என் படகின் கழிவறைக்குச் சாதாரணக் கதவு சரிப்படாது. முழுக்கத் திறந்தால் எதிரே இருக்கும் படுக்கையில் இடிக்கும். அதனால் நடுவில் மடியும் இரட்டைப் பலகைக் கதவு போட்டேன். வாசல் 540 மி.மீ. அகலம், 1600 மி.மீ. உயரம். 12 மி.மீ. ப்ளைவுட்டில் செய்த இரண்டு பலகைகளும் சேர்ந்து 5 கிலோ அளவுதான் இருக்கும். பலகை அறுக்க அரை நாள் ஆனது, கீல் விஷயம் மூன்று வாரம் இழுத்தது. ஒரு தடவை தப்பாக மாட்டிக் கழற்றியதும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

கடைக்குப் போகும் முன் கீல் எந்தப் பக்கம் வரும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கீலில் ஊசி ஓடும் உருண்டைக் குழல் எந்த முகத்தில் இருக்கிறதோ, அந்த முகங்கள்தான் ஒன்றையொன்று பார்த்து மடியும். நான் வாசல் நிலையில் வரும் கீல்களையும் நடுக் கீலையும் படுக்கை இருக்கும் அறைப் பக்கமே மாட்டிவிட்டேன். மூடியிருந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. திறந்தால் இரண்டாவது பலகை, முதல் பலகைக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே போய்ச் சொருகிக்கொண்டது. நிலைக் கீலின் குழல் அறைப் பக்கம் என்றால், நடுக் கீலின் குழல் கழிவறைப் பக்கம் இருக்க வேண்டும். தடித்த அட்டையில் இரண்டு துண்டு வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒரு முகத்தில் மட்டும் டேப் ஒட்டி மடித்துப் பாருங்கள். டேப் இருக்கும் முகம்தான் குழல் இருக்கும் முகம். ஐந்து நிமிட வேலை, நான் செய்யாமல் விட்டது.

பலகையின் முகத்தில் அழகுச் சட்டம் ஒட்டுவதாக இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். சட்டம் 6 மி.மீ. தடிமன் என்றால், ஊசியின் மையமும் பலகை முகத்திலிருந்து குறைந்தது அவ்வளவு வெளியே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சட்டங்களும் முட்டிக்கொண்டு கதவு பாதியில் நிற்கும். கைப்பிடியும் அப்படித்தான், பலகைக்குள் புதைந்த வளையம் போதும்.

இனி வகை. நடு மடிப்புக்கு நான் சொல்வது பியானோ கீல், அதாவது மேலிருந்து கீழ்வரை ஒரே நீளமாக ஓடும் கீல். மெல்லிய ப்ளைவுட் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து வைக்கும், இடுக்கு வழியே வெளிச்சமும் வாடையும் வராது. படகுக் கழிவறையில் இந்த இரண்டாவது காரணம் சாதாரணமானதல்ல! ஆனால் நிலையில் அதைப் போடாதீர்கள். அலையில் ஓடும்போது படகின் உடல் லேசாக முறுக்கும், நிலையும் கூடவே கோணும். அவ்வளவு நீளக் கீல் அப்போது இறுகிவிடும். தனித்தனியாக மூன்று கீல் போட்டு, கதவைச் சுற்றி 3 மி.மீ. இடைவெளி விட்டால் அது சமாளித்துக்கொள்ளும். கதவைத் தூக்கிக் கழற்ற வசதியான கீல்களும் உண்டு. படகு குதிக்கும்போது கதவும் குதித்து வெளியே வந்துவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஊசியை உருவக்கூடிய கீல் வாங்குங்கள், அதிலும் கதவைக் கழற்றலாம்.

உலோகத்தில், கடல்நீர்ப் படகுக்கு 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் சாதாரண 304 ரக ஸ்டீலைவிட உப்பைத் தாங்கும். பித்தளையும் அறைக்குள் நன்றாக உழைக்கும், கறுக்கும், அவ்வளவுதான். கடைக்கு ஒரு காந்தம் கொண்டு போங்கள். பித்தளை என்று சொன்ன கீலில் அது பச்சக்கென்று ஒட்டினால் உள்ளே இருப்பது முலாம் பூசிய இரும்பு. ஊசியிலும் வைத்துப் பாருங்கள். தகடு நல்லதாகவும் ஊசி வெறும் இரும்பாகவும் இருந்த கீல் ஒன்று என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 316-ஐயும் 304-ஐயும் பிரித்துச் சொல்ல மட்டும் காந்தத்தால் முடியாது. திருகும் கீலின் உலோகத்திலேயே இருக்கட்டும்.

ப்ளைவுட்டின் விளிம்பில் திருகு சரியாகப் பிடிக்காது, அடுக்குகள் பிளந்துவிடும். கீல் வரும் விளிம்புகளில் 15 மி.மீ. கெட்டி மரச் சட்டம் ஒட்டி, அதில் முன்துளை போட்டுத் திருகுங்கள். பித்தளைத் திருகு சுலபமாக முறியும். அதே அளவு இரும்புத் திருகை முதலில் ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டு, பிறகு மெழுகு தடவிப் பித்தளையை ஏற்றுங்கள்.

மூடியபோது ஒரு தாழ்ப்பாள், மடித்துத் திறந்தபோது தடுப்புச் சுவரில் ஒரு கொக்கி, இரண்டும் வேண்டும். படகு சாயும்போது பூட்டாத மடக்குக் கதவு விரலை நசுக்கும். காந்தப் பிடிப்பான் போதாது, அலையில் விட்டுவிடும்; திசைகாட்டி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் அதையும் குழப்பும்.